அம்மன் மூக்குத்திக்கு ஒரு கல்

“கண்ணாடியையே கீறுதப்பா, வைரமில்லாம வேறென்ன?” என்று கோயிலிலிருந்து வெளியே வந்த ஒருவர் சொன்னது, குடத்தோடு போன பாவாயியின் காதில் விழுந்தது. அவள் குடத்தை இறக்கினாள். வாசலில் கிடந்த வெள்ளை வெங்கச்சங்கல், தெருவில் கிடக்கும் சாதாரணக் கல், ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மன் மூக்குத்திக்கு வைரம் கொடுத்து, பதிலுக்குக் கோயில் நிலத்தை எழுதி வாங்க வந்திருந்தார் வியாபாரி வடமலை. பாவாயியின் குடிசையும் இன்னும் பதினோரு குடிசைகளும் அந்த நிலத்தில்தான் இருந்தன. தர்மகர்த்தா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

பாவாயி நகைக்கல் பட்டறையில் பட்டை தீட்டுகிறவள். வியாபாரி கீறிக் காட்டிய கண்ணாடியில் வெங்கச்சங்கல்லை அழுத்தி இழுத்தாள். இன்னொரு கோடு விழுந்தது.

“இதையும் அம்மனுக்கு வச்சிரலாங்களா?”



“கூலிக்குக் கல்லு தேய்க்கிறவளுக்கு வைரத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் வடமலை.

“ஒண்ணுதானுங்க தெரியும். கெம்பால வைரத்தைக் கீற முடியாது. உங்க மோதிரத்துல இருக்கற செவப்புக் கல்லு அசல் கெம்புதானுங்களே?”

“பின்னே? ரங்கூன் கெம்பு.”

“அதால இந்த வைரத்து மேல ஒரு இழு இழுங்க. கோடு விழலைன்னா, குடிசையை நாங்களே பிரிச்சுக்கிட்டுப் போயிடறோம்.”

வடமலை மோதிரத்தைப் பார்த்தார். தர்மகர்த்தாவைப் பார்த்தார். பிறகு கல்லை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, செருப்பைத் தேடி வெளியே போனார்.