மணலுக்குப் பதினெட்டு, ரோட்டுக்கு நாற்பது

சிவனணைந்தான் லாரிச் சாவியைக் கொண்டுவந்து வைத்தபோது சாமி கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

தேரிக்காட்டுப் பக்கம், தார் ரோட்டை ஒட்டி இருக்கிற மடம் அது. சாமிக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. சீடருக்கோ அறுபது நெருங்குகிறது. வடக்கே லாரி ஓட்டி ஓட்டி அலுத்து, போதுமடா என்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர் சிவனணைந்தான். விட்டதா? இங்கேயும் அவர் கையில் ஸ்டியரிங்தான் வந்து விழுந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மடத்துக்குக் கொடுத்த லாரி. தடித்த டயர், நாலு சக்கரமும் இழுக்கும், முதுகில் தண்ணீர்த் தொட்டி.

பனைக் காலம் வந்தால் பனையேறிக் குடும்பங்கள் தேரிக்குள்ளே விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சும். அந்தச் செம்மணலில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இவர் லாரியைக் கொண்டுபோனால்தான் உண்டு. மணலில் வண்டி விடத் தெரிந்த ஆள் மடத்தில் வேறு யாரும் இல்லை.

"சாமி, ஒரே ஒரு கேள்வி. மணலுக்கும் ரோட்டுக்கும் சேத்து டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்?"

"ஏன்?"

"நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. அப்படி ஒரு அளவு இருந்தா சொல்லுங்க. இல்லன்னா இந்தச் சாவியை எடுத்துக்கோங்க. என்னால முடியாது."

பாவம், அவர் நிலைமை அப்படி. போன மாதம் ஞானமுத்து என்கிற பனையேறி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். லாரியின் பின்பக்கம் அவரைக் கிடத்தி, மனைவி செல்லக்கனி அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள, சிவனணைந்தான்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார். மணலில் காற்றைக் குறைத்தால்தான் டயர் அகலமாகப் பரந்து, புதையாமல் போகும். பதினெட்டு பவுண்டில் வைத்திருந்தார். அதே காற்றோடு தார் ரோட்டில் வேகம் பிடித்தால் டயர் சூடேறி வெடிக்கும். அப்படி வெடித்துக் கவிழ்ந்த லாரிக்குள்ளிருந்து ஒரு கூட்டாளியை அள்ளி எடுத்த கை அவருடையது.

அதனால் மணல் முடிகிற இடத்தில், ரோட்டோரத்து உடைமரம் என்கிற முள்மரத்தடியில் நிறுத்தினார். பேட்டரியில் பம்பை மாட்டி, ஒவ்வொரு டயராக நாற்பதுக்கு ஏற்றினார். நடுவில் பின்னாலிருந்து ஞானமுத்து ஏதோ கேட்டார். நன்றாகவே காதில் விழுந்தது. மீட்டர் முள்ளில் வைத்த கண்ணை இவர் எடுக்கவில்லை. கடைசி டயரை முடித்து நிமிர்ந்தபோது செல்லக்கனி அழத் தொடங்கியிருந்தாள்.

நிறுத்தாமல் போயிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பாரோ என்ற நினைப்பு அன்றிலிருந்து அவரைத் தின்கிறது. சோறு இறங்கவில்லை. தண்ணீர் கொண்டுபோனாலும் குழாயைத் திறந்துவிட்டு, செல்லக்கனி முகத்தில் விழிக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார்.

சாமி கூழ்ச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"நீங்களே ஏதாவது அளவு யோசிச்சு வச்சிருப்பீங்களே, ஐயா."

"இருபத்தெட்டு. ரெண்டுக்கும் நடுவுல."

"அதையே வச்சு எடுங்க. நானும் வாரேன்."

எடுத்தார். தார் ரோட்டில் வண்டி மாடு மாதிரி அசைந்து அசைந்து போயிற்று. உடைமரத்தடியில் சாமி இறங்கச் சொன்னார். டயரைத் தொட்ட கையைச் சிவனணைந்தான் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. அப்படியே மணலில் இறக்கினார்கள். விடிலிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பாரம் தாங்காமல் பின் சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்துவிட்டன.

குடத்தைத் தூக்கிக்கொண்டு சனம் வந்தது. டயருக்குக் குளிருதுன்னு மணலைப் போர்த்திவிட்டீரோ, என்று ஒரு கிழவர் கேலி பண்ணினார். வேறு நாளாக இருந்தால் சிவனணைந்தானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். கூட்டத்தில் செல்லக்கனியும் இருந்தாள். பனைக் காலம் முடியட்டும் என்று தம்பியோடு விடிலியிலேயே தங்கியவள். யாரும் சொல்லாமலே குனிந்து சக்கரத்தடியில் மணலைக் கையால் பறித்தாள், பனைமட்டைகளைக் கொண்டுவந்து செருகினாள். சிவனணைந்தான் நாலு டயரிலும் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினார். வண்டி மெல்ல மேலே ஏறி வந்தது.

தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் சாமியும் செல்லக்கனியும் சற்றுத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசியிருப்பாள்? நிறுத்தியதால்தான் போய்விட்டார் என்று சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்வாள் என்று சிவனணைந்தானாகவே நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது உடைமரத்தடிக்கு வந்ததும் சாமி கேட்டார்.

"இங்க எவ்வளவு?"

"நாற்பது, சாமி."

"அடிங்க, ஐயா."

சொல்லிவிட்டுச் சாமி பின்பக்கம் ஏறினார். தொட்டிக்குப் பக்கத்தில், அன்று ஞானமுத்து கிடந்த இடத்தில், மல்லாக்கப் படுத்துக்கொண்டார். சிவனணைந்தானுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பம்பை மாட்டி, டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்தார். பம்பு இரைந்தது.

"அண்ணாச்சி, எங்க வந்திருக்கோம்?"

சாமி அவரை ஒருநாளும் அண்ணாச்சி என்று அழைத்தவரில்லை. அன்று ஞானமுத்து கேட்டது இதுதான். ஒரு எழுத்துக் கூடவோ குறையவோ இல்லை. இதைச் சிவனணைந்தான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று காதில் கேட்ட இன்னொருத்தி செல்லக்கனி மட்டும்தான்.

பம்பு பாட்டுக்கு ஓடியது. முள் பாட்டுக்கு ஏறியது. அவர் எழுந்து பின்பக்கம் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி கண்ணை மூடிக் கிடந்தார்.

"தார் ரோட்டுக்கு வந்துட்டோம்," என்றார் சிவனணைந்தான். "காத்து அடிக்கேன். ஆஸ்பத்திரி இனி பக்கந்தான். பயப்படாதீரும்."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டார். சாமி எழுந்திருக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

முதல் டயர் நாற்பதைத் தொட்டது. சிவனணைந்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார். பம்பை அடுத்த டயருக்கு மாற்றி மாட்டிவிட்டு, மீட்டர் பக்கம் நிற்காமல் திரும்பப் பின்பக்கமே வந்தார்.

"நிறுத்துனதைப் பத்தி அந்தப் பிள்ளை என்ன சொன்னா, சாமி?"

"நிறுத்தாம எப்படிப் போக முடியும்னுதான் அவ கேட்டா."

பம்பு இரைந்துகொண்டே இருந்தது.

"அவரு கேட்டதுக்கு அன்னிக்கே நான் பதில் சொல்லியிருந்தா, பிழைச்சிருப்பாரா?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் சாமி. "எந்த இடத்துல இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிருப்பாரு."