இளவரசனுக்கு ஒரு பழந்துணி

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டைக் கோலாகலன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஒரு தடவை உடுத்திய துணியை மறுபடி தொடமாட்டான். சாயங்காலமே எரித்துவிட வேண்டும். அதற்கென்று ஓர் அதிகாரி, பிரமராயர். ராஜாவுக்கு எல்லாமே ஜரிகைதான் என்று பெருமை பேசியே வயிறு வளர்த்தவர்.

மந்திரி அரியநாயகம் வேறு ரகம். சபையில் வழக்குக் கேட்கும்போதுகூட மடியில் தையல் இருக்கும். ஊரார் கொடுக்கும் பழைய வேட்டி, சேலைகளைத் துண்டு போட்டு, அடுக்கி, ஒட்டுப்போர்வை தைப்பார். கோட்டைக்கு வெளியே சத்திரத்தில் கிடக்கிற நோயாளிகளுக்கு அது போகும்.

"தர்மமா?" என்று கேட்டால், "அதுவும்தான். கை சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்" என்பார். ஊசி ஏறி இறங்குகிற சுகம் அவருக்கு. அவ்வளவுதான்.

ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரியைத்தான் கேட்பான். பிரமராயருக்கு அதில் வயிற்றெரிச்சல்.

மார்கழி மாதம். ராணிக்கு நிறைமாதம். பிரமராயர் சபை நடுவே போய் மந்திரி மடியிலிருந்த போர்வையை இழுத்து உயர்த்திக் காட்டினார்.

"மகாராஜா! பாருங்கள்! இது வண்டிக்காரன் வேட்டி. இது எண்ணெய்க்காரி சேலை. இது எந்தக் கிழவன் துண்டோ! இளவரசர் பிறக்கப்போகிற அரண்மனையில், தங்கள் கண்முன்னே கந்தல்!"

ராஜா துள்ளி எழுந்தான். இத்தனை நாளாகப் பக்கத்திலேயே இருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை. ராஜாக்கள் பார்ப்பதில்லை.

"ஊசியைப் பிடுங்கு! சத்திரத்தில் இருக்கிற கந்தலையும் வாரிக்கொண்டு வந்து கோட்டை வாசலில் போட்டுக் கொளுத்து!"



"பனியில் விறைத்துப் போவார்கள், மகாராஜா," என்றார் மந்திரி.

"இளவரசன் பிறந்ததும் புதுத்துணி தருவேன்."

"பிறக்கும்வரை?"

"எதிர்த்துப் பேசினால் உமக்கும் அதே சத்திரம்தான்!"

மந்திரி கொஞ்சம் யோசித்தார். "உத்தரவு. ஆனால் அரண்மனையில் பிள்ளைப்பேறு, வாசலில் நெருப்பு. பார்க்கிறவன் சாவு வீடு என்று நினைக்கமாட்டானா?"

ராஜா முகம் வெளுத்தது. "ஐயையோ!"

"இளவரசர் முதல் துணியில் கண்ணுறங்கட்டும். அப்புறம் கொளுத்துங்கள். அந்த முதல் துணி பிரமராயர் பொறுப்பு. பிள்ளை அதில் தூங்காவிட்டால் அவர் பதில் சொல்லட்டும்."

"சொல்கிறேனே!" என்றார் பிரமராயர். "சுத்த ஜரிகையில் மெத்தை தயார்!"

போர்வைகள் வாசலில் குவிந்து கிடந்தன. மறுநாள் காலையில் ஆண்பிள்ளை பிறந்தது. முரசு நின்றது. பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. மத்தியானம் மருத்துவச்சி உலகாயி நேரே சபைக்குள் புகுந்துவிட்டாள். காவலாளி கையிலிருந்து ஈட்டி நழுவி விழுந்தது.

"பச்சைப்புள்ளையப் புதுத்துணியில போடச் சொன்ன புண்ணியவான் யாரு? முதுகெல்லாம் கோடு கோடாச் செவந்து கெடக்கு! பழந்துணி குடுங்க!"

"குழந்தை என்றால் அழத்தான் செய்யும். ஜரிகை பூ மாதிரி," என்றார் பிரமராயர்.

"அப்படியானால் சட்டையைக் கழற்றும்," என்றார் மந்திரி. "அந்த மெத்தையில் நாலு தரம் புரண்டு காட்டும்."

ராஜா கண்ணைக் காட்டினான். மெத்தை வந்தது. முதல் புரளலில் பிரமராயர் சிரித்தார். அடுத்ததில் பல்லைக் கடித்தார். அதற்கடுத்து, "ஐயோ, அம்மா!"

சபையே எழுந்து நின்றது. முதுகு தேங்காய் துருவிய மாதிரி இருந்தது. ராஜா மெத்தையில் கையை வைத்தான், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவன் உடுப்புக்கு உள்ளே எப்போதும் மெல்லிய பட்டு வைத்துத் தைத்திருக்கும். ஜரிகையின் அடிப்பக்கம் அவன் தோலில் பட்டதே இல்லை.

"பழந்துணி! ஓடுங்கள்!"

அரண்மனையைத் தலைகீழாகப் புரட்டினார்கள்.

"ஒன்றுகூடவா இல்லை?" என்று அலறினான் ராஜா.

"நேற்றைய சாம்பல் இருக்கிறது, மகாராஜா. கொண்டுவரச் சொல்லவா?" என்றார் மந்திரி.

"வாசலில் குவிந்து கிடக்கிறதே, அதில் ஒன்றை எடு!"

"எடுக்கக் கூடாது. முதல் பழந்துணியை நல்ல ஆயுசு கண்டவரிடம் பெற்றவர் கேட்டு வாங்க வேண்டும். பிடுங்கினதில் பிள்ளையைப் போட்டால் ஆசீர்வாதம் வருமா?"

"வராது சாமி," என்றாள் உலகாயி.

"நான்... போய்க் கேட்பதா?"

"பெற்றவர் தாங்கள்தானே?"

ராஜா நடந்தான். சத்திரத்து வாசற்படி ஏறியதும் அவன் கால் நின்றுவிட்டது. ஒரே சாக்குக்குள் மூன்று பேர். யாரோ வைக்கோலை அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தவர்களிலேயே மூத்தவர் வெள்ளைக்கண்ணு, ஒரு காலத்தில் மாட்டு வியாபாரி. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றான் ராஜா. "என் பிள்ளைக்கு ஒரு பழந்துணி வேணும்."

"நேத்துப் பிடுங்கிட்டுப் போனது உங்க ஆளுங்கதானே?"

"ஆமாம்."

"நீலக்கரை வச்சது என்னுது. எடுத்துக்குங்க. புள்ள நூறு வருஷம் இருக்கட்டும். மத்தவங்களுத மொதல்ல குடுங்க. அந்தா, அந்தப் பொம்பளைக்கு விடியக்காலத்துலேருந்து பேச்சில்ல."

ராஜா ஓடினான். ராஜா ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. போர்வைகளை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணுக்கு முதலில் போர்த்தினான். அவள் விரல் அசைகிறவரை அங்கேயே நின்றான்.

நீலக்கரையில் கிடத்தியதும் பிள்ளை தூங்கிவிட்டது.

ஊசி மந்திரிக்குத் திரும்ப வந்தது. ராஜா உடுத்திக் கழிக்கிற மெல்லிய துணியெல்லாம் இனி அவர் கூடைக்கு என்று உத்தரவு. பிரமராயருக்கும் ஓர் உத்தரவு: வெள்ளைக்கண்ணுவுக்கு அவர் கையாலேயே ஒரு போர்வை தைக்க வேண்டும். முடியும்வரை அவர் கம்பளி கிழவருக்கு. கிழவரின் சாக்கு அவருக்கு.

விழுந்தடித்துத் தைத்துக்கொண்டு போனார். ராஜாவும் கூடப் போனான். கிழவர் போர்வையைத் திருப்பிப் பார்த்தார். விரலை விட்டு இழுத்தார். தையல் விட்டுக்கொண்டு வந்தது.

"ஏங்க, இதெல்லாம் ஒரு தையலா? பிரிச்சுத் தைங்க."

பிரமராயர் பாவமாக ராஜாவைப் பார்த்தார்.

"காதில் விழுந்ததா?" என்றான் ராஜா. "பிரித்துத் தையும்."