பதினொரு மீன்களும் அறுபத்திரண்டு முட்டைகளும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் தில்ஷாத். கொளத்தூரில் மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள் கட்டி வண்ண மீன் வளர்க்கும் பெண். சீடர் கமலக்கண்ணன். ஆஸ்பத்திரி லேபில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தார்.

"முட்டை பொரிக்க என்ன செய்யணும்?" என்றார், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல்.

"என்ன மீன் சார்?"

"கோரிடோரஸ். நீங்க குடுத்த கோரிதான்."

"போட்டிருச்சா?"

"இன்னிக்குக் காலையில. கண்ணாடி முழுக்க ஒட்டி வச்சிருக்கு."

"தண்ணி மாத்தினீங்களா?"

"ஆறு நாளா தினமும் மாத்தறேன்."

"ஜில்லுன்னு ஊத்தினீங்களா?"

"பாதித் தொட்டி. போர் தண்ணி. ஏன், தப்பா?"

"மழை வந்திருச்சுன்னு நெனச்சிருக்கும். மழை வந்தாத்தான் அதுக்கு முட்டை போடத் தோணும்."

கமலக்கண்ணன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஏன் தினமும் தண்ணீர் மாற்றினீர்கள் என்று தில்ஷாத் கேட்கவில்லை. தொட்டியில் எத்தனை மீன் இருக்கின்றன என்றும் கேட்கவில்லை. சீடருக்கு அப்பாடா என்றிருந்தது.

கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

கோரி என்பது கட்டைவிரல் நீளக் கெளுத்தி. குட்டி மீசை உண்டு. நாள் முழுக்க அடிமணலைக் கிளறிக்கொண்டு தன் பாட்டுக்குத் திரியும். கமலக்கண்ணனின் மனைவி மங்கையர்க்கரசி, தில்ஷாத்திடம் வாங்கிய பதினைந்து கோரிகளை ஆறு வருஷமாக வளர்த்து வந்தார். பதினைந்தையும் முகம் பார்த்துச் சொல்வார். மீனுக்கு என்ன முகம் என்று கணவர் சிரிப்பார்.

மகளின் பிரசவத்துக்காக மங்கை கோயம்புத்தூர் போய் ஒரு மாதமாகிவிட்டது. கிளம்பும்போது கணவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"சாப்பாடு போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. வேற எதுவும் செஞ்சிடாதீங்க."

எதுவும் செய்யாமல் இருப்பது கமலக்கண்ணனுக்கு வராத கலை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு கோரி கல்லில் உடம்பைத் தேய்ப்பதைப் பார்த்தார். கிருமி என்று முடிவு கட்டினார். வாழ்நாள் முழுக்க உப்புக் கரைசல் தயாரித்தவர். உப்புத் தண்ணீர் யாருக்கும் கெடுதல் செய்ததாக அவர் அறிந்ததில்லை. சமையலறையிலிருந்து ஒரு கை கல் உப்பை அள்ளி வந்து தொட்டியில் போட்டார்.

உப்பு கரையாமல் நேராக மணலில் போய் உட்கார்ந்தது. கோரியும் மணலில்தான் உட்காரும். கெளுத்திக்கு உப்பு ஆகாது என்பதும் அவருக்குத் தெரியாது.

காலையில் பதினொன்று செத்துக் கிடந்தன.

கமலக்கண்ணன் தொட்டிக்கு முன்னால் நின்றார். காபி கையிலேயே ஆறிப்போனது. ஒவ்வொன்றாக வலையில் எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தார். மண்வெட்டி காலில் இடித்துக்கொண்டது. வலி சாயங்காலம்தான் தெரிந்தது.

அன்று மங்கை வீடியோவில் கூப்பிட்டார். தொட்டியைக் காட்டச் சொன்னார். கமலக்கண்ணன் சாப்பாடு போட்டபடியே காட்டினார். நான்கு மீன்கள் வந்தன.

"மத்ததெல்லாம்?"

"இலைக்குப் பின்னால இருக்கு."

மறுநாளிலிருந்து கமலக்கண்ணனின் போனில் கேமரா வேலை செய்யவில்லை. அப்படித்தான் அவர் சொன்னார். மங்கை வெறும் குரலில் கூப்பிட ஆரம்பித்தார். பேரனைப் பற்றிச் சொல்வார், மாத்திரை போட்டீர்களா என்பார், கடைசியில் கேட்பார்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

மிச்சமிருந்த நான்கில் ஒன்றுதான் பெண். தொட்டியில் இன்னும் உப்பு இருக்குமோ என்ற பயத்தில் அவர் தினமும் தண்ணீரை மாற்றினார். பதினொரு சாவு விழுந்த தொட்டியில் ஆறாம் நாள் காலை கண்ணாடி முழுக்க முட்டை. கமலக்கண்ணனுக்கு அது சந்தோஷமாக இல்லை. நேராக ஆட்டோ பிடித்துக் கொளத்தூர் வந்துவிட்டார்.

தில்ஷாத் ஸ்கூட்டரில் கூடவே கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது பெண் மீன் கண்ணாடியோரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தது. ஒரு முட்டையைக் கவ்வி விழுங்கியது. அடுத்ததற்கு நகர்ந்தது.

"ஐயோ, பெத்ததே தின்னுது!" கமலக்கண்ணன் அலறினார்.

"தன்னோடதுன்னு அதுக்குத் தெரியாது சார். பசிக்குதுன்னு தெரியும், அவ்வளவுதான். முட்டைய தனியா எடுத்திருவோம்."

கமலக்கண்ணன் ஓடிப்போய்த் தன் சாமான்களைக் கொண்டுவந்தார். கையுறை, முனை மழுங்கிய இடுக்கி, ஒட்டக முடியில் செய்த சின்னப் பிரஷ். மூன்றையும் கொதிநீரில் போட்டு வைத்திருந்தார். தில்ஷாத் அவற்றைப் பார்த்தார். பிறகு வெறும் கையைத் தொட்டியில் விட்டு, ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்து ஒரு முட்டையை அழுத்தி உருட்டினார்.

முட்டை நசுங்கிப் பால்போலக் கரைந்தது.

"என்னம்மா பண்றே!"

பதற்றத்தில் ஒருமைக்குப் போய்விட்டார். தில்ஷாத் அடுத்ததை அழுத்தினார். அதுவும் நசுங்கியது. கமலக்கண்ணன் குருவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்க சார். இப்ப இதப் பாருங்க."

மூன்றாவது முட்டை விரலுக்கடியில் நசுங்கவில்லை. இன்னும் அழுத்தினார். ஜவ்வரிசிபோலத் திரண்டு, உருண்டு, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உயிர் இருந்தா உடையாது. நீங்க எடுங்க."

"என்னால முடியாது."

"அப்ப மீன் எடுக்கும்."

கமலக்கண்ணன் கையுறையைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் முட்டையை அழுத்தினார். உடையவில்லை. கண்ணைத் திறந்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் முட்டை எடுத்தார்கள். அறுபத்திரண்டு முட்டைகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு வந்து சேர்ந்தன. தில்ஷாத் அதில் காற்றுக்குழாயை விட்டு, இரண்டு சொட்டு நீல மருந்து ஊற்றினார்.

"ஒரு வேலைதான் சார். வெள்ளையா மாறுற முட்டை செத்த முட்டை. காலையில, மதியம், சாயங்காலம் பார்த்து எடுத்துப் போட்டுரணும்."

"சரி."

"எடுத்துப் போட்டுரணும்," என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வந்தார். டப்பாவின் நடுவில் பஞ்சு மாதிரி பூசணம் படர்ந்திருந்தது. ஒரு வெள்ளை முட்டையிலிருந்து கிளம்பிய நூல் பக்கத்திலிருந்த நல்ல முட்டைகளையும் சுற்றிக்கொண்டிருந்தது.

தில்ஷாத்தின் முகம் சுருங்கியது. "ஒண்ணுகூட எடுக்கலையா?"

"ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம்னு..."

"எதுக்கு?"

"மறுபடி தெளிஞ்சிடுமோன்னு."

"லேபில வேலை பார்த்தவர்தானே சார் நீங்க?"

கமலக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னும் ஒண்ணைத் தூக்கிப் போட எனக்குக் கை வரல."

இன்னும் ஒன்று என்று அவர் சொன்னதைத் தில்ஷாத் கவனித்தார். ஆனால் கேட்கவில்லை. டப்பாவை வெளிச்சத்துக்கு நகர்த்தி, வெள்ளையானதை எல்லாம் எடுத்தார். பூசணம் பிடித்ததையும் எடுத்தார். பழுப்பாக, உள்ளே கரும்புள்ளி தெரிந்த சிலவற்றையும் பஞ்சோடு சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவற்றுக்குள் ஏதோ துடித்தது. கமலக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"அது உயிரோட இருக்கு!"

"இருந்துச்சு சார். நேத்தே பக்கத்து முட்டைய எடுத்திருந்தா இதுவும் இருந்திருக்கும்."

கமலக்கண்ணன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். குழாயை மூட மறந்து திரும்பி வந்தார்.

அப்போது போன் அடித்தது. மங்கைதான். பேரன் சிரித்தானாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு வருகிறாராம். கடைசியில் கேட்டார்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

டப்பாவில் பத்தொன்பது முட்டைகள் மிச்சமிருந்தன. கமலக்கண்ணன் அவற்றைப் பார்த்தார். தில்ஷாத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார் கமலக்கண்ணன்.

தில்ஷாத் சமையலறைக் குழாயை மூடிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு சீடர் மாறிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் டப்பாவைப் பார்த்தார். வெள்ளையான மூன்று முட்டைகளை உடனுக்குடன் எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். சனிக்கிழமை மதியம் மற்ற பதினாறும் பொரிந்துவிட்டன. இமை மயிர் கனத்தில், வயிற்றில் மஞ்சள் பையோடு, வாலை உதறிக்கொண்டு கிடந்தன. வாயருகே அதற்குள் மீசை.

கமலக்கண்ணன் அழுதுவிட்டார். போன் போட்டுக் குருவை வரவழைத்தார்.

தில்ஷாத் வந்து குனிந்து பார்த்தார். "நல்லா இருக்குதுங்க சார். ரெண்டு நாளைக்குச் சாப்பாடு வேணாம். அப்புறம் நான் புழு கொண்டாந்து தரேன்."

"பதினாறு. பெரிசு நாலு. மொத்தம் இருபது," என்றார் கமலக்கண்ணன். அவர் குரலில் ஒரு மாதிரியான அவசரம் இருந்தது. "பெரிசு அளவுக்கு வளர எத்தனை நாளாகும்?"

"எட்டு மாசம், பத்து மாசம் ஆகும்."

"நாளைக்குக் காலையில மங்கை வர்றா."

"தெரியும்."

கமலக்கண்ணன் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல் உப்பு, பதினொரு மீன், கறிவேப்பிலை மரத்தடி, வேலை செய்கிற கேமரா. சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது தில்ஷாத்தின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அது அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்படி?"

"அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான் சார். சாப்பாடு போட்டா பதினஞ்சும் ஓடி வரும், நாலுதான் வந்துச்சு, மிச்சம் போயிருச்சுன்னு அன்னிக்கே எனக்கு போன் பண்ணி அழுதாங்க. அவர் உன்கிட்டதான் வருவார், வந்தா ஒண்ணும் கேக்காத, வேணுங்கிறதக் கத்துக் குடுன்னாங்க."

கமலக்கண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நாள் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உடம்பு கூசியது. அப்புறம் எங்கிருந்தோ கோபம் வந்தது. பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அவளுக்குத் தோணலையா?"

தில்ஷாத் சீடரைப் பார்த்தார்.

"கேட்டாங்களே சார். தினமும் கேட்டாங்க."