இரண்டு கொம்புகள் ஊதிய குளம்

கருங்கல் மலையடிவாரக் காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் நிற்கும். புலிக்கும் அதே குளம். மானுக்கும் அதே குளம். ஆகவே அக்காட்டில் ஓர் உடன்படிக்கை இருந்தது. ஒவ்வோர் இனமும் தன் முறையில் வந்து குடிக்க வேண்டும். தன் முறையில் குடிப்பவரை எவரும் தொடக் கூடாது. முறை தவறி வந்தவருக்கு உடன்படிக்கை பொறுப்பன்று.

முறையைக் கணக்கிட்டுச் சொல்ல மலைக்குகையில் சர்வர் என்னும் கணினி ஒன்று இருந்தது. அதனுடன் ஒரு கொம்பை இணைத்திருந்தார்கள். மானின் முறை வந்தால் கொம்பு விட்டுவிட்டு ஊதும். அடுத்தது புலியின் முறை. அதற்கு நீண்டு ஊதும். அதற்கடுத்தது யானையின் முறை. அதற்கு அடித்தொண்டையில் ஊதும். மற்றவர்கள் பிறகு. ஒவ்வொரு விலங்கும் தன் ஓசைக்கு மட்டுமே காது கொடுத்தது. அடுத்தவர் தாகம் தனக்கு எதற்கு?

அந்தச் சர்வரை இயக்கிய மென்பொருளான இயங்குதளம் மிகப் பழையது. அதைச் செய்தவர்கள் மலைக்கு அப்பால் இருந்தார்கள். ஒரு நாள் அவர்கள் புறாவிடம் சொல்லி அனுப்பினார்கள்: "இனி இதற்கு நோய் வந்தால் மருந்து இல்லை. புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள்!"

யானைக் கூட்டத்தின் தலைவி வேழம்மாள் காட்டைக் கூட்டினார்.

"தெரியாதவன் கை வைத்தால் காடு நா வறண்டு சாகும். முதலில் பயிற்சி. பிறகுதான் வேலை!" என்றார்.

அதை எல்லோரும் ஏற்றார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து பயிற்றுநராக ஒரு மயில் வரவழைக்கப்பட்டது. பெயர் தோகையார். அவர் பல காடுகளில் பாடம் நடத்தியவர். எந்தக் காட்டிலும் சர்வரை மாற்றியவர் அல்லர்.

ஆலமர நிழலில் வகுப்பு தொடங்கியது. தோகையார் தோகையை விரித்தார். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு படம் தெரிந்தது.

"பின்வரிசைக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார்.

"தெரிகிறது ஐயா! ஆனால் புரியவில்லை!" என்றது முயல்.

"புரிகிறதா என்று நான் கேட்கவில்லையே!" என்றார் தோகையார்.

முயல் முதல் இடைவேளையில் எழுந்து போனது. திரும்பவில்லை. இப்படியே ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, கடைசியில் இருவர் எஞ்சினர். ஒன்று கிளைமாறன் என்னும் குரங்கு. அது அடுத்த கிளையைப் பிடிக்குமுன்பே இருந்த கிளையை விட்டுவிடும். மற்றொன்று இறுகன் என்னும் உடும்பு. அது அடுத்த பாறையைப் பிடித்த பிறகும் இருந்த பாறையை விடாது. இவ்விடத்தில் உடும்புக்குப் பதிலாக ஆமையைச் சொல்வோரும் உண்டு. ஆமைக்கு இவ்வளவு பிடிவாதம் கிடையாது.

பயிற்சிக்கென்று ஒரு சிறிய சர்வர் மரத்தடியில் வைக்கப்பட்டிருந்தது. அதில் இயங்குதளத்தை நிறுவலாம், அழிக்கலாம், மறுபடியும் நிறுவலாம். எது செய்தாலும் "வெற்றி" என்று திரையில் எழுத்து வரும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஏனெனில் அதில் கொம்பு இல்லை.

அருகில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் மருதி. அது நிறைசூலி. ஓட முடியாத மானுக்கு உடன்படிக்கை ஒன்றுதான் கால். ஆகவே அது தலையை நிமிர்த்திக் கேட்டது:

"தோகையார் ஐயா, ஒரு சந்தேகம்."

"மாணவியா?"

"இல்லை. தண்ணீர் குடிப்பவள்."

"கேளம்மா."

"இதில் கொம்பு எங்கே?"

"கொம்பு வைத்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் பாடம் கெடும்."

"தப்பாக ஊதினால் என்ன நடக்கும் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது பாடத்திட்டத்தில் இல்லை."

"புலி?"

"புலியும் இல்லை," என்றார் தோகையார். அடுத்த படத்தைக் காட்டினார்.

அந்தப் படத்தில் ஒரு விதி இருந்தது. அவர் அதை இருமுறை சொன்னார்: "புதிய சர்வர் நிலைத்து நிற்கும்வரை பழையதை நிறுத்தக் கூடாது!"

நல்ல விதிதான். பயிற்சியில் அந்தச் சிறிய சர்வரின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார்கள்; இரண்டும் அருகருகே ஓடின. எந்தச் சத்தமும் எழவில்லை. தேர்வு நடந்தது, இருவரும் தேறினார்கள். சான்றிதழாக ஆளுக்கு ஓர் இறகு கிடைத்தது. கிளைமாறன் அதைக் காதில் செருகிக்கொண்டது. இறுகன் நகத்தில் இடுக்கிக்கொண்டது, பிறகு விடவேயில்லை.

மாற்றும் நாள் வந்தது. உச்சி வெயில். குகைக்குள் பழைய சர்வரின் பக்கத்தில் புதியது வந்து அமர்ந்தது. அதற்கென்று ஒரு புதுக் கொம்பும் உடன் வந்திருந்தது. முறைகள் அனைத்தும் பிசகின்றிப் புதியதற்குள் போய்ச் சேர்ந்தன.

"முடிந்தது! பழையதைப் பிடுங்கி எறி!" என்றது கிளைமாறன்.

"தொட்டுப் பார்!" என்றது இறுகன். பழைய சர்வரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"அண்ணே, இறங்குங்கள். புதியதுதான் ஓடுகிறதே!"

"இன்று ஓடும். நாளை விழுந்தால்? உன் வாலைப் பிடித்துக்கொண்டா காடு தொங்கும்?"

"இப்படியே போனால் உங்களைப் பிரிக்க ஒரு பயிற்சி வைக்க வேண்டியிருக்கும்!"

தோகையார் குகை வாயிலின் நிழலிலிருந்து குரல் கொடுத்தார்: "சண்டை வேண்டாம்! விதிப்படி இரண்டும் ஓடட்டும்!"

இரண்டும் ஓடின.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். புதிய சர்வர் விழித்ததும் சூரியனைப் பார்த்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. பழையதோ நெடுங்காலம் ஓடியதில் சிறிது சிறிதாகப் பின்தங்கி, முழுதாக ஓர் இனத்தின் முறை அளவுக்குப் பிந்தியிருந்தது. காடே அதனுடன் சேர்ந்து பிந்தியதால் அது எவருக்கும் தெரியவில்லை.

ஆகவே புதுக் கொம்பு நீண்டு ஊதியது. அதே நேரத்தில் பழைய கொம்பு விட்டுவிட்டு ஊதியது.

மருதி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி முதல் வாய் குடித்தது. தலை நிமிர்ந்தபோது எதிரே ஒரு புலி நின்றது. அக்காட்டின் புலி அதுதான். அதன் பெயர் வரியன். மற்ற மான்கள் ஒரே பாய்ச்சலில் கரையேறி மறைந்தன. மருதியால் பாய முடியவில்லை.

"என் முறை," என்றது புலி.

"என் முறை," என்றது மான்.

"நீண்டு ஊதியது. என் காதால் கேட்டேன்!"

"விட்டுவிட்டு ஊதியது. நானும் காதால்தான் கேட்டேன்!"

"இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும், மருதி. முறை தவறி வந்தவருக்கு..."

"உடன்படிக்கை பொறுப்பன்று. எனக்கும் மனப்பாடம்."

வரியன் பின்னங்கால்களை ஊன்றிப் பதுங்கியது. மருதியின் வயிற்றுக்குள் குட்டி ஒருமுறை புரண்டது.

"தின்பதற்கு முன் ஒன்று சொல்," என்றது மருதி. "இரண்டு கொம்பில் எது சரி?"

"புதியதுதான்! அதுதானே என்னைக் கூப்பிட்டது?"

"சரி. பழையது மானைக் கூப்பிடும்போது புதியது புலியைக் கூப்பிடுகிறது. அப்படியானால் பழையது ஒரு முறை பிந்தி ஓடியிருக்கிறது. உண்டா, இல்லையா?"

வரியன் யோசித்தது. "உண்டு."

"நேற்று நீ எந்தக் கொம்பைக் கேட்டு வந்து குடித்தாய்?"

"நேற்று ஏது புதுக் கொம்பு? பழையதைக் கேட்டுத்தான்."

"பழையது புலியைக் கூப்பிட்ட நேரத்தில் உண்மையில் யாருடைய முறை?"

புலி எதிர்க்கரையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே தங்கள் முறைக்காகக் காத்து நின்ற யானைகளில் ஒன்று தும்பிக்கையை மெல்ல உயர்த்தியது. அது வேழம்மாள்.

"அப்படியா சங்கதி?" என்றார் வேழம்மாள்.

"நேற்று மட்டுமல்ல, அம்மா," என்றது மருதி. "போன கோடையிலும்தான். புதுக் கொம்பு சரியென்றால் இன்று நான் முறை தவறியவள்; என்னைத் தின்னட்டும். ஆனால் இவ்வளவு நாளும் முறை தவறியவன் இந்த வரியன். இதற்கு யார் பொறுப்பு என்று நீங்களே கேளுங்கள்."

அப்போது புலி என்ன செய்தது என்பதில் இரு விதமாகச் சொல்கிறார்கள். உறுமியது என்பது ஒன்று. கொட்டாவி விட்டது என்பது மற்றொன்று. பதுங்கிய கால்கள் நிமிர்ந்தன என்பதில் வேறுபாடு இல்லை.

"இதைத் தீர்க்க என்னால் ஆகாது," என்றது வரியன். "ஆனால் கேளுங்கள். காட்டுக்கு இரண்டு கொம்பு இருந்தால் உடன்படிக்கை இல்லை. ஒன்று ஓயும்வரை எவரும் குடிக்க வேண்டாம். அடுத்த ஊதலுக்குள் ஒரே கொம்பாக்குங்கள். இல்லாவிட்டால் நான் எவர் முறையையும் பார்க்கமாட்டேன்!"

மருதி நனைந்த கால்களோடு குகைக்கு ஏறியது. அங்கே கிளைமாறனும் இறுகனும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டிருந்தன.

"இரண்டும் ஓடுகிறது!" என்றது கிளைமாறன்.

"இரண்டும் ஊதுகிறது," என்றது மருதி. நடந்ததைச் சொன்னது.

தோகையாரின் தோகை தானாக மடிந்தது. "பயிற்சியில் இப்படி நடந்ததே இல்லையே!" என்றார்.

"பயிற்சியில் கொம்பே இல்லையே, ஐயா."

கிளைமாறன் பாய்ந்து பழைய சர்வரின் கம்பியில் கை வைத்தது. "இதோ பிடுங்கிவிட்டேன்!"

"நில்!" என்றது மருதி. "புதியது எல்லோருடைய ஓசையையும் ஊதுமா? பார்த்தாயா? யானையைக் கூப்பிட மறந்தால் வேழம்மாள் உன்னைத்தான் கேட்பார்."

குரங்கு அதைச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. வாழ்வில் முதன்முறையாக அது தாவுமுன் கீழே நோக்கியது. வெளியே ஓடிக் கைநிறைய மந்தாரை இலைகளைப் பறித்து வந்தது. புதுக் கொம்பின் வாயில் அவற்றை அடைத்து, காதை ஒட்டிவைத்து, ஒவ்வோர் இனத்தின் ஓசையையும் ஊதவிட்டுக் கேட்டது. ஒன்றும் குறையவில்லை. இலைகளை எடுத்துவிட்டது.

"இனி நிறுத்தலாம். இறுகன் அண்ணே, இறங்குங்கள்," என்றது.

"முடியாது!" என்றது இறுகன். "விதி விதிதான். புதியது நிலைத்து நிற்கட்டும்."

"எப்போது நிலைத்ததாகக் கொள்வீர்கள்?" என்று கேட்டது மருதி.

இறுகன் தோகையாரைப் பார்த்தது. தோகையார் கூரையைப் பார்த்தார். அதற்கான பதில் எந்தப் படத்திலும் இல்லை.

அடுத்த ஊதலுக்கு நேரம் நெருங்கியது. மருதி உடும்பின் அருகே சென்று மெதுவாகக் கேட்டது: "அண்ணா, நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் தெரியுமா?"

"காட்டின் சர்வரை."

"இல்லை. என் கழுத்தை."

உடும்பு மானின் கழுத்தைப் பார்த்தது. அங்கே நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அது முன்காலை எடுத்தது. பிறகு மற்றொன்றை எடுத்தது. இறங்கியது. இறகு மட்டும் பழைய சர்வரின் மேல் கிடந்தது. கிளைமாறன் கம்பியைக் கழற்றியது. பழைய சர்வர் ஒரு பெருமூச்சுக்கூட இல்லாமல் நின்றது.

சற்று நேரத்தில் ஒரே ஒரு கொம்பு அடித்தொண்டையில் ஊதியது. யானையின் முறை.

வேழம்மாள் குளத்தில் இறங்கினார். கரையில் வறண்ட நாக்கோடு நின்ற மருதியைப் பார்த்தார். "என் முறையில் என்னோடு குடிப்பவர் என் விருந்தினர். வாம்மா," என்றார். பிறகு புதருக்குள் நின்ற வரியனைப் பார்த்தார். "நீயும் வா. என் முறையில் குடித்துப் பழகியவன்தானே!"

புலி வந்து ஓர் ஓரமாகக் குடித்தது. அன்று அது எவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த பயிற்சி வகுப்பு மழைக்குப் பின் தொடங்கியது. மருதி புதிய குட்டியோடு வந்து ஒரே ஒரு திருத்தம் கேட்டது. காடு அதை ஏற்றது. பயிற்சிச் சர்வரில் கொம்பு பொருத்தப்பட்டது. கடைசி வரிசையில் வரியன் அமர்த்தப்பட்டது. கொம்பு தவறாக ஊதினால் எழுந்திருக்கலாம் என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள்.

"முதலில் யார் செய்து காட்டுவது?" என்று கேட்டது கிளைமாறன்.

"பயிற்றுநர்தான்!" என்றது மருதி.

தோகையார் தோகையை விரிக்கவில்லை. முதலில் கொம்பின் வாயில் இலையை அடைத்தார். ஒவ்வோர் ஓசையையும் காது கொடுத்துக் கேட்டார். பழையதை எப்போது நிறுத்துவது என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கினார். அன்றைய பாடம் எல்லோருக்கும் புரிந்தது. முயல்கூட இடைவேளையில் எழுந்து போகவில்லை.

தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பதை மறைத்துவிட்டுக் கற்பிக்கும் பயிற்சி, அந்தப் பாடத்தைப் பிறர் உயிரை வைத்தே கற்பிக்கும்.