தைலம் தங்கிய இடம்

ஜமீன்தாரின் வேட்டைநாய்க்கு உடம்பெல்லாம் சொறி. அரண்மனை வைத்தியர் நெய் மணக்க ஒரு தைலம் காய்ச்சிக் கொடுத்தார். நாயைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சப்பன் தினமும் தடவினான். நாயும் தினமும் நக்கித் தீர்த்தது. சொறி குறையவில்லை.

"இவன் ஒழுங்காகத் தடவவில்லை, பிரபு. வேலையை விட்டுத் துரத்துங்கள்" என்றார் வைத்தியர்.

ஜமீன்தார் முறைத்தார். "என்னடா சொல்றே?"

ஒச்சப்பன் கைகட்டி நின்றான். "சாமி, ஐயாவோட தைலத்தைக் குறை சொன்னா என் வாய் அழுகிப்போகும். அது தங்குன இடத்துல ஒரு புண்ணுகூடக் கிடையாது. நீங்களே பாருங்க" என்று நாயின் வாயைத் திறந்து நாக்கைக் காட்டினான்.

ஜமீன்தாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சரி, இப்ப என்னடா செய்யலாம்?"

"வேப்பெண்ணெய் தடவலாம் சாமி. கசக்கும், நக்காது."

ஜமீன்தார் வைத்தியர் பக்கம் திரும்பினார். "நீரே தடவும். ஒழுங்காகத் தடவத் தெரிந்தவர் நீர்தானே?"