சாயம் பிடித்த இடம்

“மேடம், சாயம் பிடிக்கவே மாட்டேங்குது.”

இசக்கியப்பன் ஸ்லைடைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முகம் உம்மென்று இருந்தது.

அன்று கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. விலங்கியல் ஆய்வகத்தில் அவன் பங்குக்கு ஒரே ஒரு ஸ்லைடு. ஒரு வாரம் அடைவைத்த முட்டையிலிருந்து எடுத்த கோழிக்குஞ்சின் கால், அரிசி அளவுதான் இருக்கும்.

ரெஜினா மேடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

“பிடிச்சிருக்கே.”

“எங்கே மேடம்? விரல்ல ஒரு பொட்டு இல்ல. விரலுக்கு நடுவுல மட்டும் செவப்புச் செவப்பா அப்பிக் கிடக்கு. காலையில இருந்து மறுபடி மறுபடி செய்றேன். எல்லாம் இதே லட்சணம்.”

“பழசை எல்லாம் என்ன பண்ணின?”

“அழுக்குன்னு கழுவிட்டேன்.”

“அடப்பாவி!”

திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். அவர் அப்படித்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாக அந்த ஆய்வகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

“வாசல்ல வேப்பமரத்தடியில ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்களே, உன்னைத் தேடி வந்தவங்களாமே?”

“அக்கா மேடம். வேலை முடியலன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்.”

“முடிஞ்சா கூப்பிடுவியா?”

இசக்கி சாயப் புட்டியை எடுத்து மூட ஆரம்பித்தான்.

அக்கா பேச்சியம்மாள் பீடி சுற்றுபவள். சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாலும் புகையிலை வாசம் போகாது. அப்பா செத்த வருஷம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தம்பியை நிற்கவிடவில்லை. அவன் படிக்கிற இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். இந்தத் துரைக்கோ, கூடப் படிக்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்களோ என்று பயம். எனக்கென்னவோ இதைச் சொல்லும்போதே அவன் மேல் எரிச்சல் வருகிறது.

மேடம் வலது கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“என்ன தெரியுது?”

“அஞ்சு விரல்.”

“நடுவுல?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“விரல் எப்படி வந்துச்சு?”

“கிளை மாதிரி முளைச்சு வந்துச்சு.”

மேடம் விரல்களை ஒட்டவைத்தார். கை துடுப்பு மாதிரி ஆனது.

“கருவுல முதல்ல இப்படித்தான். உனக்கும், எனக்கும், இந்தக் கோழிக்கும்.”

மெல்ல விரித்தார்.

“நடுவுல செல் இருந்துச்சு இசக்கி. உயிரோட இருந்துச்சு. நோய் இல்ல, காயம் இல்ல. அதுவாவே செத்து வழி விட்டுச்சு.”

அலமாரியைத் திறந்து இன்னொரு ஸ்லைடை எடுத்து வைத்தார்.

“இது வாத்து. பாரு.”

பார்த்தான். சிவப்பே காணோம். விரல்களுக்கு நடுவே தோல் அப்படியே இருந்தது.

“இங்கே நடுவுல உள்ளது சாகல. விரலும் பிரியல. வாத்துக்கு இது போதும், நீந்திக்கும். உனக்குப் பேனா பிடிக்கணுமே!”

“அப்போ இந்தச் சாயம்...”

“சாகிற செல் இருக்கிற இடத்துலதான் தேங்கும்.”

இசக்கி தன் ஸ்லைடை மறுபடி வைத்துக் குனிந்தான். விரல் விரலாக நகர்த்தி, நடுவில் இருந்த சிவப்பைப் பார்த்தான்.

“மேடம், நான் இத்தனையையும் கழுவிட்டேனே.”

“ஒண்ணு மிச்சம் இருக்குல்ல. லேபிள் ஒட்டிப் பேர் எழுது.”

ஸ்லைடின் ஓரத்தில் செய்தவர் பேரை எழுதி ஒட்டுவது அந்த ஆய்வகத்து வழக்கம். இசக்கி எழுதினான். பிறகு வாசலைப் பார்த்து ஓடினான்.

திரும்பி வரும்போது அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

“ஏல, மெதுவாப் போ, விழுந்துருவேன்.”

“என்னடா இது, ஏதோ வாசம்?” என்றான் கூடப் படிக்கிற ஒருத்தன்.

“எங்க அக்கா. பீடி சுத்துதா. அதுலதான் நான் படிக்கேன்,” என்றான் இசக்கி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

கேட்டவன் எழுந்து தன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான்.

பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்ராஸ்கோப்பில் பயந்து பயந்து கண்ணை வைத்தாள்.

“ஏயம்மா! கோழிக்காலா இது? விரலு விரலா எம்புட்டு அழகா பிரிஞ்சிருக்கு!”

கண்ணை எடுத்தவள் ஓரத்து லேபிளைப் பார்த்தாள். வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

“ஏல, எம்பேரை எதுக்கு எழுதியிருக்க? நான் ஒண்ணும் செய்யலியே.”