சாவு வீட்டுக்குச் சுமந்த மேகம்

வானம் இன்னும் சின்னதாக, நெருக்கமாக இருந்த அந்தக் காலத்தில் விண்மீன்கள் வாய் திறந்து பேசும். சண்டையும் போடும், அது வேறு விஷயம். விண்மீன்களின் ஊர் முழுக்க மேகம் கிடந்தது. பிள்ளை வேண்டுமென்றால் ஒரு கட்டு மேகத்தை அள்ளி இறுக்கி வைப்பார்கள். உள்ளே சூடு பிடித்து ஒரு குட்டி விண்மீன் பிறக்கும்.

ஊர் நடுவில் இருந்த வெள்ளையன் என்ற பெரிய விண்மீன் ஒருநாள் வெடித்துச் செத்தான். அந்த இடத்தில் அவன் மகன் கருப்பன் மட்டும் மிஞ்சினான். கண்ணுக்கே தெரியாத இருட்டுப் பயல். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரர் வாய் திறந்து "போதும்" என்று சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவர்களுக்குச் சாப்பாடும் மேகம்தான்.

எல்லோரும் முறை வைத்துச் சுமந்தார்கள். கருப்பனைக் கண்டால் பயம், அதனால் தூரத்தில் நின்றே எறிந்துவிட்டு வந்தார்கள். எறிந்ததெல்லாம் உள்ளே போனது. அவன் பருத்துக்கொண்டே இருந்தான். "போதும்" மட்டும் வரவில்லை. எத்தனை காலம் ஆனதென்று யாருக்கும் நினைவில்லை, இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வீட்டுக்கு வீடு பிள்ளைக்கென்று வைத்த கட்டு மட்டுமே இருந்தது. அன்றைக்குச் செம்பாயியின் முறை. அவள் தன் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"அக்கா, அது பிள்ளைக் கட்டு!" என்று பதறினான் பக்கத்து வீட்டுத் தீயான்.

"தெரியும் தம்பி. அவன் இன்னும் போதும்னு சொல்லலியே. பசியோட இருக்கிறவன்கிட்ட வெறுங்கையை வீசிக்கிட்டா போறது?"

எறியக்கூடத் தெம்பில்லாமல் அவள் வாசல்வரைக்கும் போய்க் கட்டைச் சரியவிட்டாள். அப்போதுதான் உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"போதும் அத்தை. முதல் நாளே சொன்னேனே, யாருக்கும் கேக்கலியா?"

ஒளியே வெளியேற முடியாத வீட்டிலிருந்து, தூரத்தில் நின்றவர்களுக்குக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? செம்பாயி கட்டைப் பிடித்து இழுத்தாள். பாதி உள்ளே போய்விட்டது. நிறைந்த வயிற்றில் மீதி இறங்கவில்லை. வாசலிலேயே சுழன்று, கொதித்து, கண் கூசும் வெளிச்சமாகப் பீறிட்டது. அந்தச் சூட்டில் ஒவ்வொரு வீட்டுக் கட்டும் அவிழ்ந்து, ஊரைத் தாண்டிப் பறந்தது.

வெறுங்கையோடு திரும்பியவளிடம் தீயான் கேட்டான். "என்னக்கா சொன்னான்?"

"முதல் நாளே போதும்னு சொன்னானாம்."

அழக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை.

அன்று தொட்டுத்தான் பெரிய பெரிய விண்மீன் ஊர்களின் நடுவில் கருப்பனைப் போல ஒரு கருந்துளை வாய் மூடிக் கிடக்கிறது. சுற்றிலும் பிள்ளையில்லாத விண்மீன்கள் சிவந்து, கிழடாகி, கிட்டப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.